காருக்குத் திருப்பள்ளியெழுச்சி

தமிழகத்தில் மோட்டார் வாகனங்களைப் பற்றிப் புழங்கும் அறிவு பெரும்பாலும் வெயிலைச் சார்ந்தது. ரேடியேட்டர் கொதித்தால் என்ன செய்வது, நீண்ட பயணத்தில் டயருக்குக் காற்று எவ்வளவு பிடிப்பது, ஏசி ஏன் குளிர்விக்கவில்லை என்பன போன்ற வினாக்களுக்குச் சென்னையிலோ மதுரையிலோ தேநீர்க்கடை வாசலில் நிற்கும் எவரும் விடை கூறிவிடுவர். குளிரில் கார் ஏன் கிளம்ப மறுக்கிறது என்னும் வினாவோ, மாநிலத்தின் பரப்பில் மிகச் சிறு பகுதியாகிய உதகமண்டலம், கொடைக்கானல் ஆகிய மலையூர்களிலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் மட்டுமே, அங்கும் கார்த்திகைக் கடைசி முதல் மாசி வரையிலான விடியற்காலைகளில் மட்டுமே எழுகிறது. இவ்வாறு இடத்தாலும் காலத்தாலும் குறுகிய ஒரு துறையில், அதன் பரப்போடு சற்றும் பொருந்தாத அளவுக்கு வல்லுநர்கள் பெருகியிருப்பது எவ்வாறு என்பதும், அத்தனை வல்லுநர்கள் கூடியும் நோய் ஏன் ஆண்டுதோறும் திரும்ப வருகிறது என்பதும் ஆராயத்தக்கவை.

முதலில் களத்தின் இயல்பை அறிதல் வேண்டும். உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. வானம் தெளிந்து காற்று அசையாமல் நிற்கும் இரவுகளில், தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து விரைந்து குளிர்வதால், காற்றிலுள்ள ஈரம் புல்லின் மீதும் காரின் கூரை மீதும் வெண்துகளாகப் படிகிறது. இதுவே உறைபனி எனப்படும். குளிர்ந்த காற்று கனமானது ஆதலால் சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. எனவே தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்ந்த இடங்கள் மேட்டிலுள்ள வீடுகளைக் காட்டிலும் கடுமையாகக் குளிர்கின்றன. மேட்டில் குடியிருப்பவர் தம் கார் முதல் முயற்சியிலேயே கிளம்புவதைத் தமது பராமரிப்பின் பயன் என்று கருதுவதும், பள்ளத்தில் குடியிருப்பவருக்கு அதுபற்றி அறிவுரை வழங்குவதும், இயற்பியல் அறியாமையால் நேரும் விளைவுகளாகும்.

மார்கழியில் கோயில்களில் இறைவனைத் துயிலெழுப்பத் திருப்பள்ளியெழுச்சி பாடப்படும் அதே வேளையில்தான் மலையூர்த் தெருக்களில் கார்களைத் துயிலெழுப்பும் முயற்சிகளும் தொடங்குகின்றன. முன்னதில் எதை, எந்த வரிசையில், எத்தனை முறை பாட வேண்டும் என்பது பன்னூறு ஆண்டுகளாக வரையறுக்கப்பட்டுள்ளது. பின்னதில் வரிசை வீட்டுக்கு வீடு வேறுபடுவதோடு, பயன்படுத்தப்படும் சொற்களும் கோயிலில் கேட்கத்தக்கவை அல்ல. எனினும் கார் துயிலெழுவதற்கு வேண்டியவை நான்கே: எஞ்சினின் தண்டு போதிய வேகத்தில் சுழல வேண்டும், பெட்ரோல் ஆவியாகிக் காற்றோடு சரியான அளவில் கலக்க வேண்டும், அக்கலவை உருளைக்குள் அழுத்தப்பட வேண்டும், உரிய நொடியில் பிளக்கில் தீப்பொறி தோன்ற வேண்டும். இந்நான்கையும் குளிர் ஒருசேரப் பாதிக்கிறது. ஒவ்வொன்றையும் சிறிதளவே பாதிக்கிறது என்பதால்தான் குற்றவாளி யார் என்பதில் கருத்து வேற்றுமை எழுகிறது.

சுழற்சியை அளிப்பது பேட்டரி. 1859-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் கஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய ஈய-அமில மின்கலத்தின் வழித்தோன்றலே இன்றும் காரின் பானெட்டுக்கு அடியில் அமர்ந்திருக்கிறது. அதில் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல் தருவதால், முழுதாக மின்னேறிய நிலையில் மொத்தம் ஏறத்தாழ 12.6 வோல்ட் கிடைக்கிறது. அமிலத்துக்கும் ஈயத்தகட்டுக்கும் இடையிலான வேதிவினை குளிரில் மந்தமடைகிறது. அறை வெப்பநிலையில் ஒரு பேட்டரி தரக்கூடிய ஆற்றலில், 0 டிகிரியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே கிட்டும். இத்தளர்ச்சி தற்காலிகமானது, வெயில் ஏறினால் இழந்த வலிமை தானே மீளும். பின்னர் விளக்கப்படவுள்ள பெருங்குழப்பங்கள் யாவற்றுக்கும் இந்த ஒரு பண்பே மூலம் என்பதை இங்கேயே குறித்துவைத்துக்கொள்வது நலம்.

பேட்டரி தளர்ந்திருக்கும் அதே வேளையில் எஞ்சின் கூடுதல் உழைப்பைக் கோருகிறது. பனிக்காலையில் தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்து அதன் முதுகில் தட்டிப் பார்த்த எவருக்கும் இதன் காரணத்தை விரித்துரைக்கத் தேவையில்லை. எஞ்சின் ஆயில் அந்த அளவுக்கு உறைவதில்லை எனினும், பிசுக்கேறித் தண்டின் சுழற்சியைத் தடுக்கிறது. ஆயில் டப்பாவின் மீது 20டபிள்யூ-40 என்பதுபோல் அச்சிடப்பட்டிருக்கும் குறியீட்டில், முன்னுள்ள எண் குளிரில் அந்த ஆயில் நடந்துகொள்ளும் முறையையும், பின்னுள்ள எண் சூட்டில் அது தாக்குப்பிடிக்கும் முறையையும் சுட்டுகின்றன. முன்னெண் 10 அல்லது 5 என்று குறையக் குறையக் குளிரில் ஆயில் எளிதில் ஓடும். ஆகவே வாகனக் கையேடு இசைவு தரும் வரம்புக்குள் குறைந்த முன்னெண்ணுடைய ஆயிலுக்கு மாறுவது மலைவாழ் கார்களுக்கு நன்மை பயக்கும். இச்செய்தி டப்பாவின் முகப்பிலேயே பெரிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருப்பதால்தான் போலும், அதை எவரும் படிப்பதில்லை. கையேட்டின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. கார் வாங்கிய நாளில் இட்ட சந்தனப்பொட்டு அதன் உறையில் அழியாமல் இருப்பதே அது ஒருமுறையும் திறக்கப்படவில்லை என்பதற்குச் சான்று.

பெட்ரோலைப் பொறுத்தவரை, எரிவது திரவம் அன்று, அதன் ஆவியே. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையளவில் 14.7 பங்கு காற்று என்பது முழுமையாக எரிவதற்குரிய கணக்கு. குளிரில் பெட்ரோலின் ஒரு பகுதி மட்டுமே ஆவியாகி, எஞ்சியது உலோகச் சுவர்களில் துளியாக ஒட்டிக்கொள்வதால், கணக்கைச் சரிக்கட்டக் கூடுதலான பெட்ரோலை அனுப்ப வேண்டியுள்ளது. கார்புரேட்டர் பொருத்திய பழைய கார்களில் இதற்கென அமைந்த உறுப்பு சோக்கு எனப்படும். காற்று நுழையும் வாயை ஒரு தகட்டால் அடைத்து, பெட்ரோலின் பங்கை உயர்த்துவது அதன் பணி. ஓட்டுநரின் முன்பலகையில் இழுப்பதற்கேற்ற குமிழாக நீட்டிக்கொண்டிருந்த சோக்கு, சமவெளி ஊர்களில் கைப்பை மாட்டுவதற்கும் பிளாஸ்டிக் பூமாலை தொங்கவிடுவதற்கும் உரிய ஆணியாகவே கருதப்பட்டது. மலையூர்களில் அது மெய்யாகவே இழுக்கப்பட்டது. எப்போது திரும்ப உள்ளே தள்ள வேண்டும் என்பதில் மட்டும் ஒருமித்த கருத்து இருந்ததில்லை.

இவ்விடத்தில் உயரமும் தன் பங்கைச் செலுத்துகிறது. உதகையின் காற்றழுத்தம் கடற்கரையின் அழுத்தத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கே ஆதலால், உருளைக்குள் நுழையும் காற்றும் அந்த அளவுக்குக் குறைகிறது. கோயம்புத்தூரில் டியூன் செய்யப்பட்ட கார்புரேட்டருக்கு இவ்விவரம் தெரியாது. அது கீழே கொடுத்துப் பழகிய அளவிலேயே பெட்ரோலைக் கொடுக்கிறது. ஏற்கெனவே பெட்ரோல் மிகுந்திருக்கும் கலவையில் சோக்கையும் முழுதாக இழுத்து, பதற்றத்தில் ஆக்சிலேட்டரையும் நாலைந்து முறை மிதித்தால், பிளக்கின் முனை பெட்ரோலில் நனைந்து தீப்பொறி எழாமல் போகிறது. மெக்கானிக்குகள் இதனை ‘ஓவர்ஃப்ளோ’ என்பர். சோக்கை உள்ளே தள்ளிவிட்டு, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடி சில நொடிகள் செல்ஃப் அடிப்பதே இதற்குரிய மாற்று. அவ்வாறு செய்கையில் காற்று மிகுதியாக உட்புகுந்து நனைவு காய்கிறது. பெட்ரோல் வாடை தெருவெங்கும் பரவியிருக்கும் அந்நேரத்தில் அருகில் நிற்போர் பீடி பற்றவைக்காமல் இருப்பது இம்மாற்றின் இன்றியமையாத பகுதி.

டீசல் காருக்குத் தீப்பொறி தேவையில்லை. காற்றை இருபதில் ஒரு பங்கு அளவுக்கு நெருக்கினால் அது பல நூறு டிகிரி சூடேறும். அச்சூட்டில் டீசல் தானே பற்றிக்கொள்ளும். குளிர்ந்த எஞ்சினின் சுவர்கள் அச்சூட்டைக் களவாடிவிடுவதால், ஒவ்வோர் உருளைக்கும் ஒரு ஹீட்டர் பிளக் பொருத்தப்பட்டுள்ளது. சாவியைத் திருப்பியதும் முன்பலகையில் சுருள் வடிவ மஞ்சள் விளக்கொன்று தோன்றி, பிளக்குகள் பழுத்ததும் அணைகிறது; அது அணைந்த பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும் என்பது விதி. சில நொடிகளே எரியும் அவ்விளக்கு அணையும்வரை காத்திருக்க இயலாதோர், பிறகு அரைமணி நேரம் காத்திருக்க நேர்வதைக் காணலாம். குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே மலை ரயிலை இழுக்கும் நீராவி எஞ்சினைத் தயாராக்கப் பல மணி நேரம் கொதிகலனைச் சூடேற்றுகிறார்கள். அதைப் பழுது என்று எவரும் கூறுவதில்லை, மாறாக அதனருகில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். காருக்கு அந்தச் சலுகை இல்லை.

செல்ஃப் என்று வழங்கும் மின்தொடக்கி தோன்றுமுன் எஞ்சினைக் கையால் சுழற்றினார்கள். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்தொடக்கி 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது. அதன் பின்னரும் பல்லாண்டுகள் கார்களின் மூக்கில் ஹேண்டில் நுழைக்கும் துளை நீடித்தது. 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை உற்பத்தியான அம்பாசிடரின் தொடக்ககால வண்டிகளில் இந்த ஹேண்டில் டிக்கியில் படுத்திருந்தது. ஹேண்டிலைப் பிடிக்கையில் கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிர்ப்புறமாக வளைக்காமல் அவற்றோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும் என்பது அக்கால ஓட்டுநர்கள் முதலில் கற்ற பாடம். எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் ஹேண்டில் விரல்களிலிருந்து வழுவி விலகும், வளைத்துப் பிடித்த கட்டைவிரலோ முறியும். இப்பாடத்தை இரண்டாம் முறை கற்றவர் எவரும் இலர்.

எஞ்சினின் நோயை அறிவதற்கு அதன் ஒலியே சிறந்த கருவி. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் எழுத்தொலிகளின் பிறப்பை ஆராய ஒரு தனி இயலே வகுத்தார். கார் ஒலிகளுக்கும் அத்தகைய இயலொன்று இருந்திருக்குமாயின் பல குடும்பங்கள் காலையுணவை வீட்டிலேயே முடித்திருக்கும். சாவியைத் திருப்பியும் ஒலியே பிறக்காவிடில், பேட்டரியின் முனை கழன்றிருக்கலாம் அல்லது இரவு முழுவதும் விளக்கு எரிந்திருக்கலாம். டிக், டிக், டிக் என்று தொடர்ந்து ஒலித்தால், செல்ஃபின் மின்காந்தச் சுவிட்சு ஒட்ட முயன்று, ஒட்டுவதற்குரிய மின்சாரம் போதாமல் மீண்டும் மீண்டும் விலகுகிறது என்று பொருள். உர்ர்... உர்ர்... என்று இழுத்து இழுத்துச் சுழன்றால் பேட்டரி தளர்ந்தது, அல்லது ஆயில் கெட்டித்தது, அல்லது இரண்டும். எஞ்சின் விறுவிறுவென்று சுழன்றும் பற்றவில்லையெனில் பேட்டரி குற்றமற்றது. பெட்ரோலிலோ தீப்பொறியிலோதான் குறை தேட வேண்டும். பழைய கார்களில் இந்நான்காம் வகை பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் படிந்த பனியீரத்தால் நேர்வது. உலர்ந்த துணியால் துடைப்பதே அதற்கு மருந்து. இந்த நான்கு ஒலிகளையும் பிரித்தறியக் காதும் சிறிது அமைதியும் போதும். ஆனால் அமைதி கிட்டுவதில்லை. ஏனெனில் முதல் ஒலி கேட்டதுமே தெரு கூடிவிடுகிறது.

கூடுவோரை மூவகையாகப் பிரிக்கலாம். முதல் வகையினர் வினாத் தொடுப்போர், “பெட்ரோல் இருக்குதுங்களா?” என்பது அவர்களின் தொடக்க வினா, அதற்கு விடை எதுவாயினும் அடுத்த வினா “நல்லாப் பாத்தீங்களா?” என்பது. இரண்டாம் வகையினர் முன்மாதிரி காட்டுவோர். தம் மைத்துனரின் பிரீமியர் பத்மினி இதே போன்று நின்றதையும், அது எவ்வாறு சரியானது என்பதையும், பின்னர் அது யாருக்கு விற்கப்பட்டது என்பதையும் அவர்கள் முழுமையாக எடுத்துரைப்பர். மூன்றாம் வகையினர் செயல்வீரர். “சோக்கை முழுசா இழுத்து விடுங்கண்ணா” என்று ஒருவர் இடப்புறமும், “சோக்கைத் தொடவே தொடாதீங்கண்ணா” என்று மற்றொருவர் வலப்புறமும் நின்று கூறுகையில், இருவரும் உரிமையாளரை அண்ணா என்றே விளிப்பதால் அவரால் எவரையும் புறக்கணிக்க இயலாமல் போகிறது. இம்மூவகையிலும் சேராமல், சற்றுத் தள்ளி மப்ளரைக் காதோடு இறுக்கியபடி எதுவும் பேசாது நிற்கும் ஒருவர் பெரும்பாலும் இருப்பார். ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து மெக்கானிக் அவரே என்பது எல்லாம் முடிந்த பிறகு தெரியவரும்.

செயல்வீரர்களின் முதன்மையான மருந்து தள்ளுதல். மலையூரில் சமதரை அரிது ஆதலால், இரவில் காரை நிறுத்தும்போதே அதன் முகத்தை இறக்கத்தை நோக்கி வைத்து, சக்கரத்தின்கீழ் ஒரு கல்லை இடுவது நெடுங்கால வழக்கம். காலையில் சாவியைத் திருப்பி, கிளட்சை மிதித்து, இரண்டாம் கியரில் போட்டு, கல்லை அகற்றி, கார் சிறிது வேகம் கொண்டதும் கிளட்சைச் சட்டென்று விட்டால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றி அதை உயிர்ப்பிக்கும். முதல் கியரில் செய்தால் கார் குலுங்கி நிற்கும் என்பதால் இரண்டாம் கியர். இம்முறையின் குறை, இறக்கத்துக்கு ஒரு முடிவு உண்டு என்பதே. எஞ்சின் ஓடாதவரை பிரேக்குக்குக் கிடைக்கும் வெற்றிட உதவி ஓரிரு மிதிகளுக்கு மேல் தங்காது. பவர் ஸ்டீயரிங்கும் கனத்துப்போகும். ஆகவே முதல் வளைவுக்குமுன் கிளம்பாத கார், தெருவின் அடியில், வீட்டிலிருந்து முன்னைவிடத் தொலைவில், முன்னைவிடக் குளிர்ந்த காற்றில், மேலேற்றித் தள்ளுவதற்கு ஒருவரும் முன்வராத நிலையில் நிற்கிறது. கீழே தள்ளிவந்தோர் அனைவருக்கும் அப்பொழுதுதான் வேலைக்கு நேரமானது நினைவுக்கு வருகிறது. ஆட்டோமேட்டிக் கியர் பொருத்திய கார்களை இவ்வாறு எழுப்பவே இயலாது. அதை அறியாமல் தள்ளுவோர்க்கு உடல் சூடேறும் என்னும் பயன் உண்டு.

அடுத்த மருந்து வெந்நீர். பனி மூடிய முன்கண்ணாடியின் மீது கொதிநீரை ஊற்றினால், திடீர் வெப்ப வேறுபாட்டால் கண்ணாடி விரிசல்விடக்கூடும். விரிசல்விடாவிடில், ஊற்றிய நீர் சிறிது நேரத்தில் தானும் குளிர்ந்து முன்பிருந்ததைவிட வழுவழுப்பான படலமாக உறையக்கூடும். எஞ்சினின் மீது ஊற்றுவது இதனினும் தீது. உலோகம் வெந்நீரைப் பெற்றுக்கொண்டு தன் குளிரை விடுவதற்குள் மின்கம்பிகள் நனைந்துவிடுகின்றன. இமயமலைப் பாதைகளில் லாரி ஓட்டுநர்கள் டீசல் டேங்கின்கீழ் தீமூட்டி, கெட்டித்த எரிபொருளை இளக்குவதுண்டு. உதகையின் குளிர் அந்தக் கொடுமைக்கு இறங்குவதில்லை. ஆயினும் அதைக் கேள்விப்பட்டோர் எல்லாத் தெருக்களிலும் ஒருவராவது இருப்பதால், அக்கருத்து முன்மொழியப்படும்போது பெட்ரோல் கார் உரிமையாளர் அதை உறுதியாக மறுத்தல் வேண்டும்.

இவ்வாறு சோக்கு, தள்ளல், வெந்நீர், வினா என்று ஒரு மணி நேரம் கழியுமுன் கதிரவன் தொட்டபெட்டாவின் பக்கமிருந்து எழுந்துவிடுகிறான். பேட்டரி இழந்த வலிமையை மீளப் பெறுகிறது, ஆயில் இளகுகிறது, டிஸ்ட்ரிபியூட்டரின் ஈரம் உலர்கிறது. எட்டரை மணி வாக்கில் கார் கிளம்பிவிடுகிறது. அந்நொடியில் யாருடைய கை எதன்மீது இருந்ததோ அவரே வெற்றிக்கு உரியவர் ஆகிறார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைத் தர்க்க நூலார் காகதாலீய நியாயம் என்று பெயரிட்டு எச்சரித்துள்ளனர். ஆனால் காக்கையின் இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் அமர்ந்திருக்கையில் அந்த எச்சரிக்கையை வாய்விட்டுக் கூற இயலுவதில்லை. பிளக் ஒயரைக் கழற்றி மாட்டியவர், பானெட்டை ஓங்கித் தட்டியவர், ‘இன்னொரு தடவை அடிங்க’ என்றவர் ஆகிய மூவரும் மறுநாளுக்கான மூன்று மருத்துவ மரபுகளைத் தோற்றுவிக்கின்றனர். துறையில் வல்லுநர்கள் பெருகியதன் காரணம் இதுவே: கதிரவன் நாள்தோறும் ஒரு வெற்றியை வழங்குகிறான், அதற்கு உரிமை கோருவதில்லை.

நோய் தீராமைக்கான காரணமும் இதனுள்ளேயே அடங்கியிருக்கிறது. குளிர்காலக் கோளாறு விடியுமுன் தோன்றி எட்டரைக்கு மறைவது. மெக்கானிக் கடையோ ஒன்பதரைக்குத் திறப்பது. உரிமையாளர் காரை ஓட்டிக்கொண்டே கடைக்குச் சென்று, கார் ஓடவில்லை என்று முறையிடுகிறார். எஞ்சின் சூடாக இருப்பதால் சாவியைத் தொட்டவுடன் உறுமுகிறது. வரும் வழியெல்லாம் டைனமோ பேட்டரிக்கு மின்னேற்றியும் விட்டிருக்கிறது. “வண்டி நல்லாத்தானுங்க இருக்குது” என்று மெக்கானிக் கூறுவதில் பொய்யில்லை. காலையில் அது பட்ட பாட்டை உரிமையாளர் ஒலிகளோடு நடித்துக் காட்டுகிறார். மெக்கானிக் பரிவோடு கேட்டு, எதையாவது மாற்றினால்தான் இவர் ஆறுதலடைவார் என்று தெளிந்து, ஏர் ஃபில்டரை மாற்றி அனுப்புகிறார். மறுநாள் விடியலில் நோய் முழு நலத்துடன் திரும்புகிறது.

ஆகவே இக்கோளாறைச் சரிசெய்வதற்குரிய முதற்பெரும் விதி, கருவிகளைப் பற்றியது அன்று, நேரத்தைப் பற்றியது: காரை முந்தின மாலையே கடையில் விட்டு, இரவு முழுவதும் குளிரவிட்டு, விடியலில் அதன் முதல் முயற்சியை மெக்கானிக் தம் காதாலேயே கேட்க வேண்டும். அதன்பின் பழுது பார்க்கும் வரிசை எளிது. சாவியைத் திருப்புமுன் பேட்டரியின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும், 12.2-க்குக் கீழ் இருப்பின் மின்னேற்றம் பாதிக்குமேல் வடிந்துவிட்டது. செல்ஃப் அடிக்கையில் அந்த அளவு 9.6-க்குக் கீழ் சரியுமானால் பேட்டரி முதுமையுற்றது என்று ஐயுறலாம். எஞ்சின் ஓடுகையில் 13.8 முதல் 14.4 வரை காட்டினால் டைனமோ தன் கடமையைச் செய்கிறது. மூடி திறக்கும் வகைப் பேட்டரியாயின் ஹைட்ரோமீட்டர் என்னும் கண்ணாடிக் குழலால் அமிலத்தை உறிஞ்சி, அதன் ஒப்படர்த்தி 1.265-ஐ ஒட்டி உள்ளதா என்று காணலாம். அமிலம் சட்டையில் சொட்டிய இடத்தில் மறு சலவைக்குள் துளை தோன்றும் என்பதால், இச்சோதனையைச் செய்தவரை அவர் சட்டையைக் கொண்டே அடையாளம் காணலாம்.

இவையனைத்துக்கும் முந்தியது, செலவே இல்லாதது, எனவே எவராலும் மதிக்கப்படாதது ஒன்று உண்டு: பேட்டரி முனைகளைத் துப்புரவு செய்தல். முனைகளில் வெண்மையும் நீலப்பச்சையும் கலந்து பூத்திருக்கும் உப்பு மின்சாரத்தைத் தடுக்கும்; வெயிற்காலத்தில் பேட்டரிக்கு வலிமை எஞ்சியிருப்பதால் அத்தடை தெரிவதில்லை. முதலில் கறுப்பு ஒயரையும் பிறகு சிவப்பு ஒயரையும் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, பிரஷ்ஷாலோ உப்புத்தாளாலோ தேய்த்து, இறுக மாட்டி, மேலே சிறிது வாசலைன் பூசினால் போதும். வெந்நீருக்கு இத்துறையில் உள்ள ஒரே முறையான பயனும் இதுவே. எஞ்சினிலிருந்து காரின் உடலுக்குச் செல்லும் எர்த் ஒயரின் இணைப்பையும் அவ்வாறே காண வேண்டும். ஆனால் நடைமுறையில் பழுதுபார்ப்பு, செலவு மிக்கதில் தொடங்கிச் செலவற்றதை நோக்கி இறங்குகிறது: முதலில் செல்ஃப் மோட்டார் கழற்றப்படுகிறது, பின்பு புதிய பேட்டரி வாங்கப்படுகிறது. புதிய பேட்டரியைப் பொருத்துவதற்காக ஒயர் முனைகளைத் தேய்க்கும் அந்த ஒரு நிமிடத்தில் நோய் தீர்ந்துவிடுகிறது. நலமாக இருந்த பழைய பேட்டரியோ அதற்குள் ஈயத்தின் எடைக்குக் கடைக்காரரிடம் போய்விடுகிறது. புதிய பேட்டரியின் புகழ் ஊர் முழுவதும் பரவுகிறது.

புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதால் 2000-ஆம் ஆண்டளவில் புதிய கார்களிலிருந்து கார்புரேட்டரும் அதனோடு சோக்கும் விடைபெற்றன. இன்றைய காரில் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பநிலையை ஒரு சென்சார் அளந்து கணிப்பொறிக்குச் சொல்ல, அது பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கிறது. சென்சார் பழுதாகி, உறைபனிக் காலையில் எஞ்சின் நன்கு சூடாக இருப்பதாகப் பொய்யுரைத்தால், கணிப்பொறி அதை நம்பிக் குறைந்த பெட்ரோலையே அனுப்பும், கார் கிளம்பாது. சாவியை ஒரு நிலை திருப்பி இரண்டு மூன்று நொடிகள் பொறுத்தால் பெட்ரோல் பம்ப் குழாயில் அழுத்தத்தை ஏற்றிக்கொள்ளும் என்பதும், பத்து நொடிக்குமேல் செல்ஃப் அடிக்காமல் அரை நிமிடமாவது இடைவெளி விட்டால் செல்ஃப் மோட்டார் கருகாது என்பதும் இன்றும் பொருந்தும் எளிய விதிகள். இத்தகைய கார்கள் நிற்கையில் கூட்டம் குறைவதற்குப் பதிலாகச் செயல் மட்டுமே குறைந்திருக்கிறது: பானெட்டைத் திறந்தால் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியொன்றே தென்படுகிறது, கூடியோர் அதைச் சிறிது நேரம் மரியாதையுடன் நோக்கி நிற்கின்றனர்.

எம்மருந்துக்கும் கட்டுப்படாத காருக்கு மலைவாசிகள் கண்ட இறுதி மருந்து, அதை மேட்டுப்பாளையத்துக்குக் கீழே விற்றுவிடுதல். ஏறத்தாழ 1,900 மீட்டர் இறங்கியதும் நோயின் அடையாளமே எஞ்சுவதில்லை. வாங்கியவர் முதல் முயற்சியிலேயே கிளம்பும் வண்டி என்று அதைப் புகழ்வார், விற்றவர் மறுக்க மாட்டார். எனினும் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பது குளிர் அன்று, வெப்பமே. சமவெளியின் கோடையில் தகடுகள் அரிக்கப்பட்டு, நீர் வற்றி, வலிமை சிறிது சிறிதாகக் குன்றும், ஆனால் வெளியே தெரியாது. அவ்வாறு உள்ளூர நலிந்த பேட்டரிகள் ஆயிரக்கணக்கில், டிசம்பர் விடுமுறையில், குடும்பத்தோடும் முறுக்குப் பொட்டலங்களோடும் மலையேறி, விடுதி வாசல்களில் இரவு முழுவதும் உறைபனியில் நிற்கின்றன. காலையில் விடுதிக் காவலாளி ஜம்பர் கேபிளுடன் வருகிறார்: சிவப்பு ஒயரை முதலில் செத்த பேட்டரியின் நேர்முனையிலும் பிறகு நல்ல பேட்டரியின் நேர்முனையிலும், கறுப்பு ஒயரை நல்ல பேட்டரியின் எதிர்முனையிலும், அதன் மறுநுனியைச் செத்த பேட்டரியிலிருந்து கசியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவில் பொறி படாதவாறு தள்ளி, எஞ்சினின் வெற்று உலோகத்திலும் மாட்டுகிறார். இவ்வரிசையைப் பிழையின்றி அறிந்தவர் அத்தெருவில் அவர் ஒருவரே. ஆயினும் மேட்டு வீட்டுக்காரர் இறங்கி வந்து, சென்னையிலிருந்து வந்த புத்தம்புதிய காரின் உரிமையாளரிடம், சோக்கை முழுதாக இழுத்துப் பார்த்தீர்களா என்று கேட்கிறார். உரிமையாளரோ அதை இரவெல்லாம் இழுத்து மூடாமல் விட்டுவிட்டோமோ என்று தம் மனைவியை ஐயத்தோடு பார்க்கிறார்.